தீபாவளி லீவு நோட்டு

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் லீவு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால், ஆவணியிலேயே "அண்ணா, என்னைக்குச் சாத்துறீங்க?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஷிப்மென்ட் தேதியே தெரியாமல் நான் எதைச் சொல்ல?

தேனி, மதுரைக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. போனஸ் வாங்கிய ராத்திரியே கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். பீகார் பையன்களுக்குத்தான் கணக்கு வேறு. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைதான் அவர்களுக்குப் பெரிசு. இது புரியவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது அவர்களில் நாலு பேர் தீபாவளிக்கு முந்தின நாள் வரை அயர்ன், பேக்கிங் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள், சட் முடிந்து நிதானமாகத் திரும்புகிறார்கள்.

1958-ம் வருஷச் சட்டப்படி, பண்டிகை விடுமுறையன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுப்பு. இதை முதலாளிக்கு வருஷா வருஷம் ஞாபகப்படுத்துவதும் என் வேலைதான்!

போன வருஷம் எல்லோர் லீவையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். இரண்டு வாட்ச்மேனுக்கும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டதைக் கவனிக்கவில்லை. அப்புறம் என்ன, தீபாவளி ராத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச் லைட், வீட்டிலிருந்து வந்த தூக்குச்சட்டியில் ஆறிப்போன இட்லி, நான். பத்து மணிக்குப் பக்கத்து காம்பவுண்டுக்குள் ராக்கெட் விழுந்ததும் வேஸ்ட் துணி மூட்டைகளைத்தான் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் நோட்டில் முதல் வரியே வாட்ச்மேன்தான்.