ரிஸ்க் போர்டு நாட்குறிப்பு: ஆஸ்திரேலியாவுக்கு ரெண்டாவது வாசல்

ஜூன் 7, சனி

ரிஸ்க்னா டெரிட்டரிகளா பிரிச்ச உலக மேப்ல படைய வச்சு இடம் பிடிக்கிற போர்டு கேம், ஒரு கண்டத்த முழுசா பிடிச்சா ஒவ்வொரு டர்னுக்கும் போனஸா கூடுதல் ஆர்மி வரும். அதுல ஆஸ்திரேலியாவுக்கு வெறும் 2 ஆர்மி தானே போனஸ்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நாலு பேர் ஆடும்போது 42 டெரிட்டரிய பிரிச்சா ஆளுக்கு 10 இல்ல 11 வரும், ரூல்படி அத மூணால வகுத்தா எல்லாருக்கும் டர்னுக்கு 3 ஆர்மி. அந்த நேரத்துல ஒருத்தன் மட்டும் ஆஸ்திரேலியாவ முடிச்சுட்டான்னா அவனுக்கு 5, மத்தவங்களுக்கு 3. ஒன்றரை மடங்குக்கும் மேல சம்பளம்.

எங்க வீட்ல மச்சான் எப்பவும் அங்கதான் போய் உக்காருவான், கேட்டா "நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன் மாப்ள"ம்பான்.

ஜூன் 8, ஞாயிறு

காலைல இருந்து பேப்பரும் பென்சிலும்தான். பொதுவா எல்லாரும் ஒரு கண்டத்துல எத்தனை டெரிட்டரி இருக்குன்னு எண்ணித்தான் போனஸ் நியாயமான்னு பாக்குறாங்க. அப்படி பாத்தா ஆஸ்திரேலியா 4க்கு 2, தென் அமெரிக்கா 4க்கு 2, ஆப்பிரிக்கா 6க்கு 3, மூணும் ஒரே ரேட்டு, பிரச்சினையே இல்ல. ஐரோப்பா 7க்கு 5, அதுதான் பெஸ்ட் டீல் மாதிரி தெரியும், ஆனா ஐரோப்பாவ ரெண்டு ரவுண்டு முழுசா வச்சிருந்தவன நான் பாத்ததே இல்ல.

அதனால டெரிட்டரிய விட்டுட்டு, வெளியில இருந்து உள்ள வர்ற கோடுகள எண்ணினேன். மொத்த போர்டுலயும் கண்டம் விட்டு கண்டம் தாண்டுற கோடு 14 தான். ஆஸ்திரேலியாவுக்கு 1 (ஆசியாவுல இருக்குற சயாம் டு இந்தோனேசியா, போர்டுல இந்தோனேசியா ஆஸ்திரேலியா கண்டத்துல சேர்த்தி), தென் அமெரிக்காவுக்கு 2, வட அமெரிக்காவுக்கு 3, ஆப்பிரிக்காவுக்கு 6, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் தலா 8. இப்போ போனஸை இதால வகுத்துப் பாருங்க, ஆஸ்திரேலியா ஒரு கோட்டுக்கு 2, வட அமெரிக்கா (போனஸ் 5) 1.67, ஆப்பிரிக்கா வெறும் அரை! எல்லாரும் ஆசியாவத்தான் பாவம்னு சொல்றோம், உண்மையில ஏமாந்து நிக்கிறது ஆப்பிரிக்காதான்.

ஜூன் 11, புதன்

ஆபீஸ்ல இருந்து வர்றப்ப பஸ்ல தோணினது. ஆஸ்திரேலியாக்காரன் இந்தோனேசியாவுல நிக்க மாட்டான், ஒரு படி வெளிய வந்து சயாம்ல தான் படைய குவிப்பான். அந்த ஒரே குவியல் நாலு டெரிட்டரிக்கும் காவல், கூடவே வேற எவனும் ஆசியாவ முடிச்சு 7 வாங்கிடாதபடிக்கு பூட்டு. அடுத்தவன் போனஸ கெடுக்குற இந்த லாபத்துக்கு போர்டுல எங்கயும் நம்பர் போடல, ஆனா அதுக்கும் ஒரு விலை இருக்கு.

டிப்ளமசின்னு இன்னொரு போர்டு கேம்ல இந்த தலைவலியே கிடையாது, 34 சப்ளை சென்டர் (பிடிக்க வேண்டிய முக்கிய இடங்கள்), ஒவ்வொண்ணும் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு படைக்கு சமம், 18 பிடிச்சா வெற்றி, முழு ஏரியா பிடிச்சதுக்குன்னு தனி பரிசு இல்ல. சுத்தமான கணக்குதான், ஆனா ஒரு கண்டத்த முடிக்க ஒரே ஒரு டெரிட்டரி பாக்கின்னு இருக்கும்போது வர்ற அந்த வெறி அதுல இல்ல. 1957ல இந்த ரிஸ்க்க கொண்டு வந்த ஆல்பெர் லமோரிஸ் பிரான்ஸ்ல சினிமா டைரக்டர், அந்த வெறிய வேணும்னேதான் வச்சிருப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஜூன் 14, சனி

சரி, நம்பர மாத்துறதா மேப்ப மாத்துறதா? ஆஸ்திரேலியாவுக்கு 2ஐ 1ஆ குறைச்சா எவனும் அந்தப் பக்கமே போக மாட்டான், செத்த மூலை ஆயிடும். அதனால மார்க்கர் எடுத்து அர்ஜென்டினாவுல இருந்து கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கு பசிபிக் மேல ஒரு கோடு போட்டேன் (போர்டு பழசுதான், வீட்ல யாரும் திட்டல). ஒரு கோடு போட்டதுல ரெண்டு கண்டத்து கணக்கும் மாறிடுச்சு. ஆஸ்திரேலியாவுக்கு இப்போ ரெண்டு வாசல், போனஸ் 2 அப்படியே இருக்கட்டும். தென் அமெரிக்கா பாவம், வெனிசுலா, பிரேசில், அர்ஜென்டினா மூணும் பார்டர், பெரு ஒண்ணுதான் பத்திரமா உள்ள இருக்கு, அதனால 2ஐ 3 ஆக்கினேன். வட அமெரிக்கா 5ல இருந்து 4, ஆப்பிரிக்கா 3ல இருந்து 4. ஐரோப்பா, ஆசியாவ தொடல.

ஜூன் 15, ஞாயிறு

ஆடிப் பாத்தாச்சு. மச்சான் பழக்க தோஷத்துல ஆஸ்திரேலியாவுக்கே போனான், ஆனா கிழக்குப் பக்கமும் ஆள் போட வேண்டியிருந்ததால சயாம் குவியல் மெலிஞ்சு போச்சு, அந்த கேப்புல தங்கச்சி சயாமையும் எடுத்து ஆசியாவ முடிச்சு ஒரு ரவுண்டு 7 வாங்கிட்டா, எங்க வீட்டு போர்டுல இது சரித்திரம்! ஆப்பிரிக்காவுக்கு 4 குடுத்தது சரியாத்தான் இருக்கு, அதுக்காக ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டோம், முன்னாடி சும்மா போற வழியில கால் வைக்கிற இடமாத்தான் இருந்துச்சு. வட அமெரிக்காவுக்கு 4ன்னா இன்னமும் கொஞ்சம் தாராளம்தான், ஆனா 3ன்னு வச்சா 9 டெரிட்டரி பிடிக்க எவன் மெனக்கெடுவான்.

இன்னும் இடிக்கிறது கார்டுதான், மூணு கார்டு சேர்ந்த செட்ட குடுத்தா கூடுதல் ஆர்மி வரும்ல, அது. செட் 4, 6, 8, 10, 12, 15னு ஏறி அதுக்கப்புறம் அஞ்சஞ்சா கூடுது, ஒரே கைல 20 ஆர்மி வர்றப்ப கண்டத்து போனஸ் 2ஆ 3ஆன்னு யாருக்கு கவலை, நான் போட்ட கணக்கெல்லாம் முதல் சில ரவுண்டோட சரி. அடுத்த தடவை கார்டு ஏறவே கூடாது, செட்ட பொறுத்து 4, 6, 8, 10 மட்டும்தான்னு வச்சு ஆடணும். அப்போ ஆட்டம் விடியற வரைக்கும் இழுக்கும்னு மச்சான் இப்பவே முனக ஆரம்பிச்சுட்டான், அவனுக்கு திங்கக்கிழமை காலை ஷிப்ட் வேற.