மூன்று பெட்டிகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலக மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் ஆறேழு பேருக்கு கிட் (Git) சொல்லிக்கொடுக்கிறேன். நிரல் ஃபைல்களில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் அது. போன மாதம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி நோட்டோடு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். ஒரு வாரமாக கிட்டின் கையேட்டுப் பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருக்கிறாள். நோட்டில் பென்சிலால் மூன்று பெட்டிகள். ஒன்றில் இண்டெக்ஸ், ஒன்றில் கேஷ், ஒன்றில் ஸ்டேஜிங் ஏரியா. நடுவே அம்புக்குறிகள், அம்புகளின் மேல் கேள்விக்குறிகள்.

"அக்கா, ஆட் கட்டளை கொடுத்தா ஃபைல் மொதல்ல எந்தப் பெட்டிக்குப் போகும்?"

மூன்றும் ஒன்றுதான், மாற்றங்களைப் பதியும் முன் எடுத்து வைக்கும் இடம் என்றேன். அவள் முகம் தெளியவில்லை. "அப்புறம் எதுக்கு மூணு பேரு?"

நியாயமான கேள்வி. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியபோது அந்த இடத்துக்குப் பெயர் கேஷ். பிறகு இண்டெக்ஸ் ஆனது. அதற்கும் பிறகு ஸ்டேஜிங் ஏரியா என்ற பேச்சு பரவியது. புதுப் பெயர்கள் வந்தனவே தவிர, பழைய பெயர் போகவில்லை. கிட்டோடு வரும் சொற்பட்டியலில் கேஷ் என்று தேடினால், இண்டெக்ஸுக்கான வழக்கொழிந்த சொல் என்று ஒரே வரி இருக்கும். வழக்கொழிந்த அந்தச் சொல்லைத்தான் இன்றும் தட்டச்ச வேண்டியிருக்கிறது. கமிட்டுக்கு, அதாவது மாற்றங்களைப் பதிவதற்கு, எடுத்து வைத்ததைப் பார்க்க, டிஃப் கட்டளையில் கேஷ்ட் என்றும் கொடுக்கலாம், ஸ்டேஜ்ட் என்றும் கொடுக்கலாம். ஃபைலை நீக்கும் ஆர்எம் கட்டளையில் கேஷ்ட் மட்டும்தான் செல்லும். வேறொருவர் அனுப்பிய திருத்தத்தைச் சேர்க்கும் அப்ளை கட்டளைக்கு வந்தால் கேஷ்ட், இண்டெக்ஸ் என்று இரண்டு உண்டு, இரண்டும் செய்வது வேறு வேறு. கேஷ்ட் கொடுத்தால் இண்டெக்ஸ் மட்டும் மாறும். இண்டெக்ஸ் என்று கொடுத்தால் நம் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலும் சேர்ந்து மாறும். அந்தப் பெண் மூன்று பெட்டி வரைந்ததில் என்ன தப்பு?

ஆங்கிலம் சரளமாக வருபவர் ஒரு பக்கத்தில் மூன்று பெயர்களைப் பார்த்தால், ஒரே பொருளைத்தான் சொல்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டு போய்விடுவார். அகராதி வைத்துப் படிப்பவருக்கு அந்த ஊகம் கிடையாது. புதுச் சொல் வந்தால் அவருக்கு அது புதுப் பொருள். அவர் கவனமாகப் படிக்கிறார், அதனால்தான் மாட்டிக்கொள்கிறார். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வைத்தால், கடைசிப் பக்கம் வரை அதே பெயரைச் சொல்லுங்கள்.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் அவ்வப்போது திருத்தம் அனுப்பும் ஒரு சின்ன மென்பொருள் திட்டத்தின் ஆவணத்தைப் படிக்கச் சொன்னேன். "ஒன்ஸ் த சர்வர் இஸ் ரன்னிங்" என்று ஒரு வரி. சர்வர் ஓடத் தொடங்கிய பிறகு அடுத்த கட்டளையைக் கொடு என்பது பொருள். அவள் அதை ஒருமுறை சர்வரை ஓட்டு என்று எடுத்துக்கொண்டாள். ஓட்டினாள், நிறுத்தினாள், அடுத்த கட்டளையைக் கொடுத்தாள். இணைப்பு இல்லை என்று பிழை வந்தது. ஒன்ஸ் என்றால் ஒருமுறை என்றுதான் பள்ளியில் நாம் எல்லோரும் படித்தோம். அந்த இடத்தில் ஆஃப்டர் என்று இருந்திருந்தால் அவளுடைய முக்கால் மணி நேரம் வீணாகியிருக்காது. சின்ஸ் என்பதும் இப்படித்தான், 'அதிலிருந்து' என்றும் படிக்கலாம், 'அதனால்' என்றும் படிக்கலாம். மே என்றால் அனுமதியா, ஒருவேளை நடக்கலாம் என்பதா? இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் இந்தக் குழப்பத்துக்கு 1997-லேயே ஒரு வழி கண்டார்கள். மஸ்ட், ஷுட், மே என்றால் அந்த ஆவணங்களில் இன்ன பொருள் என்று ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில் வரையறுத்து வைத்தார்கள்.

அன்று இரவே அந்தச் சின்னத் திட்டத்தின் ஆவணத்தில் பதினோரு இடங்களில் சொற்களை மாற்றி அனுப்பினேன். திட்டத்தைப் பராமரிப்பவர் நல்ல மனிதர், ஆனால் தயங்கினார். நாலு வரியில் நாலு முறை ஒரே சொல் வருகிறதே, படிக்கத் தட்டையாக இருக்காதா என்று கேட்டார். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. கட்டுரை நோட்டில் வந்த சொல்லே வந்தால் சிவப்பு மையில் வட்டம் போடும் ஆசிரியரிடம்தான் நானும் படித்தேன். ஆனால் அதே பள்ளியில்தான் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் நன்னூலில் படித்தோம். கூறியது கூறல் அதில் ஒன்று. மயங்க வைத்தலும் ஒன்று. சொன்ன விஷயத்தையே மறுபடி சொல்வதுதான் கூறியது கூறல். அதே பொருளை அதே பெயரால் அழைப்பது அந்தக் கணக்கில் வராது. பெயரை மாற்றி மாற்றிச் சொன்னால் அது மயங்க வைத்தல்.

அவருக்கு நன்னூல் தெரியாது என்பதால் விமானத்தை எடுத்துக்காட்டினேன். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே கட்டுப்படுத்தப்பட்ட ஓர் ஆங்கிலம் உண்டு, 1980-களிலிருந்து இருக்கிறது. இன்று அதற்குப் பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஇ100. அனுமதித்த சொற்களுக்கு ஓர் அகராதி, கூடியவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். ஃபால் என்றால் கீழே விழுவது மட்டும்தான், அளவு குறைவதற்கு அதைச் சொல்லக்கூடாது. ஃபாலோ என்றால் பின்னால் வருவது மட்டும், விதிக்குக் கீழ்ப்படிவது அல்ல. இறக்கையைக் கழற்றி மாட்டுபவருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருக்கவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பதினொன்றில் எட்டு மாற்றங்களை அவர் ஏற்றுக்கொண்டார். மற்ற மூன்றைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரிய திட்டங்களிலும் மாற்றம் நடக்கிறது. கிட்டில் செக்அவுட் என்ற ஒரே கட்டளை, நாம் வேலை செய்யும் கிளையையும் (திட்டத்துக்குள் தனியாக ஓடும் வேலைப் பாதை) மாற்றும், ஃபைலையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-இல் அந்த வேலைகளை ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று பிரித்துத் தந்தார்கள். பெயரைப் படித்தாலே வேலை விளங்குகிறது, நான் வகுப்பில் இவற்றைத்தான் சொல்லித்தருகிறேன். இணையதளங்கள் கட்ட உதவும் மென்பொருளான ஜாங்கோ திட்டம், ஆவணம் எழுதுவோருக்குத் தரும் குறிப்பில் ஈசிலி, சிம்ப்ளி, ஜஸ்ட் போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. வேலையின் கடினத்தைக் குறைத்துக் காட்டும் சொற்கள் அவை. 'சும்மா இந்தக் கட்டளையைக் கொடுத்தால் போதும்' என்ற வரியைப் படித்துவிட்டு மூன்று மணி நேரம் பிழையோடு போராடும் பிள்ளை, ஆவணத்தைச் சந்தேகிப்பதில்லை. தன்னைத்தான் சந்தேகிக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தமிழில் எழுதும் நாமும் இதையே செய்கிறோம். வகுப்புக்காக நான் எழுதிவரும் கையேட்டை அந்த வாரம் திறந்து பார்த்தேன். ஃபோல்டருக்கு ஓரிடத்தில் அடைவு, இன்னோரிடத்தில் கோப்புறை. கமிட்டுக்கு ஒப்படைவு, பதிவு, சமர்ப்பிப்பு என்று மூன்று. இன்னொரு பிள்ளை இதைப் படித்துவிட்டு மூன்று பெட்டி வரைந்திருக்கும். உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். விரல் எதைத் தட்டச்சுகிறதோ அதையே பெயராக வைத்துக்கொண்டேன்: கமிட், புஷ், மெர்ஜ். மற்றதெல்லாம் வீட்டில் பேசும் தமிழ். கையேட்டின் முதல் பக்கத்தில் சொற்பட்டியல் ஒன்று போட்டேன், ஒரு சொல்லுக்கு ஒரு வரி. ஸ்டேஜிங் ஏரியாவுக்கு எதிரே, கிட் இதை இண்டெக்ஸ் என்றும் கேஷ் என்றும் அழைக்கும், மூன்றும் ஒரே இடம் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அந்த மாணவிதான் சரிபார்த்துக் கொடுத்தாள்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு திட்டத்தின் ஃபைல்களும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடமான ரெப்போசிட்டரியைக் களஞ்சியம் என்பதா, ரெப்போ என்பதா? களஞ்சியம் எனக்குப் பிடித்த சொல். வகுப்பில் எல்லோரும் ரெப்போ என்கிறார்கள். நீங்கள் யாருக்காவது சொல்லிக்கொடுப்பவராக இருந்தால், அவர்கள் வாயில் எது வருகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்குள் அந்த வரியை எழுதவேண்டும்.