சர்க்கரைக் கரைசலில் அளந்த வினைவேகம்

வேதிவினைகளின் வேகத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம், ஜெர்மானிய அறிஞர் லுட்விக் வில்ஹெல்மி 1850-இல் வெளியிட்ட கரும்புச் சர்க்கரை ஆய்வே எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசலின் வழியே தளவிளைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியைச் செலுத்தினால், தொடக்கத்தில் வலப்புறமாக இருக்கும் ஒளித்தளத்தின் சுழற்சி, சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியப் பிரிய மெல்லக் குறைந்து, இறுதியில் இடப்புறம் திரும்பிவிடுகிறது. கரைசலைத் தொடாமலேயே வேகத்தை அளக்கும் இம்முறையின் அழகு இன்றும் என்னை வியக்க வைக்கிறது. எஞ்சியுள்ள சர்க்கரையின் செறிவுக்கு நேர்விகிதத்தில் வேகம் அமைவதை அவர் இவ்வாறே நிறுவினார். அமிலமோ, தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் வினையூக்கி மட்டுமே.

வெப்பநிலையின் பங்கை 1889-இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் அர்ரீனியஸ் இதே வினையைக் கொண்டு விளக்கினார். மூலக்கூறுகள் அனைத்தும் வினைபுரியும் நிலையில் இருப்பதில்லை. போதிய ஆற்றல் பெற்றுக் கிளர்வுற்ற சிலவே வினைபுரிகின்றன. வெப்பம் கூடும்போது அச்சிலவற்றின் எண்ணிக்கை வெகுவாகப் பெருகுவதால், அறை வெப்பநிலையிலிருந்து 10 பாகை உயர்த்தினாலே சர்க்கரை பிரியும் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.