பெரியபட்டினத்து மணலில் ஒரு பகல்

மதுரைக்காரனான எனக்குப் பாண்டியர் என்றால் கோயிலும் கோபுரமும் வைகையும்தான். கடலை நினைத்ததில்லை. ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் இருக்கும் பெரியபட்டினம் போய் வந்ததிலிருந்து அது மாறிவிட்டது.

மாட்டுத்தாவணியில் விடியற்காலை பஸ் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கினேன். நேரே கடற்கரைக்குப் போகவில்லை. முதலில் திருப்புல்லாணி. ஆதிஜெகநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கல்வெட்டுகளைப் பார்த்தபடி பிராகாரத்தில் சுற்றினேன். இந்தக் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகச் சாமந்தப்பள்ளிக்கு இறையிலி, அதாவது வரியில்லா நிலம், கொடுத்ததைச் சொல்கிறது. சோனகர் என்றால் அரபு வழி வந்த வணிகர்கள். அவர்களுடைய பள்ளிவாசலுக்குப் பாண்டியன் தந்த கொடை, பெருமாள் கோயில் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது! அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பவித்திரமாணிக்கப்பட்டினம்தான் இன்றைய பெரியபட்டினம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அங்கிருந்து ஆட்டோ. பனையும் சீமைக்கருவேலமுமாக வழி. ஊர் அமைதியான ஊர். தர்கா, பள்ளிவாசல், தென்னந்தோப்பு, அதற்கப்பால் மன்னார் வளைகுடா. 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. எபிரேய எழுத்துள்ள கல்லறைக் கல் ஒன்றும் இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. அரபு, யூத வணிகர்கள், சீனத்துச் சரக்கு, பக்கத்திலேயே முத்துக்குளித்த கடல். இத்தனையும் இந்த மணலில்!

வந்தவர்களை இழுத்தது முத்து மட்டுமில்லை, குதிரையும்தான். பாண்டியர் படைக்குக் குதிரை இங்கே பிறக்காது. பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதியிருக்கிறார்.

1340களில் மொராக்கோப் பயணி இப்னு பதூதா இந்தக் கரையில் 'பத்தன்' என்ற துறைமுகத்தைப் பார்க்கிறார். அது பெரியபட்டினம்தான் என்று சிலர் சொல்கிறார்கள். கரையில் நின்றபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் எழுதும் துறையில் பருத்த மரத்தூண்கள் மேல் ஒரு பெரிய மர மண்டபம், அதற்குப் போக மூடிய மரப்பாதை. பகைவர் வந்தால் கப்பல்களை எல்லாம் அந்த மண்டபத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்களாம். கல்லால் கட்டிய அழகான பள்ளிவாசல், திராட்சை, நல்ல மாதுளை என்றும் எழுதுகிறார். இங்கிருந்து அவர் போனது எங்கள் மதுரைக்கு. அப்போது அங்கே சுல்தான்களின் ஆட்சி. ஊரெல்லாம் கொள்ளைநோய்; பிடித்தவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். சுல்தான் கியாசுதீனும் அந்தச் சமயத்தில் இறந்துபோனார். படிக்கும்போதே மனசு கனத்துப்போகும்.

இந்த ஊர் ஏன் தேய்ந்தது? 1311இல் டெல்லித் தளபதி மாலிக் காபூர் படை மதுரைக்கு வந்ததிலிருந்தே பாண்டியர் பிடி தளர்ந்துவிட்டது. அப்புறம் சுல்தான்கள், அதற்கும் அப்புறம் விஜயநகரத்துக் கம்பணன். குதிரை வாங்க மதுரையில் நிலையான அரசு இல்லாவிட்டால் குதிரைக் கப்பல் எதற்கு வரும்? என் கணிப்பில், மதுரை சரிந்தபோதே இந்தத் துறையும் சரியத் தொடங்கிவிட்டது. வணிகம் காயல், கீழக்கரை என்று வேறு கரைகளில் தொடர்ந்தது.

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கப்பல்தான் தம்பி போச்சு. நாங்க எங்க போனோம்? இங்கதான இருக்கோம்" என்றார். எனக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. காலையிலிருந்து அழிந்துபோன ஊர், அழிந்துபோன ஊர் என்றே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வந்தவர்கள் இங்கேயே பெண்ணெடுத்து, பெண் கொடுத்து, தமிழ் பேசி, இந்த ஊராகவே ஆகிவிட்டார்கள். டீக்குக் காசு கொடுக்கவும் அவர் விடவில்லை.

"கப்பல் நின்ன இடம் எதுங்க?" என்று கேட்டேன். கடலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

சாயங்காலம் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு அந்தப் பக்கமாகத் தண்ணீருக்குள் நடந்தேன். காலடியில் ஒரு பீங்கான் சில்லு, நகத்தளவு. எந்தக் காலத்துச் சில்லோ, எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டேன். வெகுதூரம் நடந்தும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. பின்னால் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.