கிராம சபையில் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

'அதிகாரமளித்தல்' என்ற சொல் எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கொடுக்கிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. கிராம சபைக்கு அது பொருந்தாது. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். அங்கே பேச யாரும் யாருக்கும் அனுமதி தர வேண்டியதில்லை.

ஆனால் கூட்டம் தொடங்கும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. கோயில் வாசலில் கூட்டினால், அந்த வாசலை மிதிக்க விடப்படாத தெருக்காரர்கள் தள்ளியே நிற்பார்கள். நாற்காலி பத்துப் பேருக்கு, தரை மற்றவர்களுக்கு என்றால், தரையில் இருப்பவர் எழுந்து நின்றுதான் பேச வேண்டும், பெரும்பாலோர் எழுவதில்லை. பள்ளி வளாகம் போன்ற பொது இடத்தில் எல்லோரும் ஒரே மட்டத்தில், வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களுக்கும் மாற்றுங்கள். பெண் தலைவராக இருக்கும் ஊராட்சியில் கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்வதை முதல் கூட்டத்திலேயே தடுத்தாக வேண்டும். இரண்டாவது கூட்டத்தில் அது வழக்கமாகிவிடும்.

எண்ணிக்கையும் ஏமாற்றும். தமிழ்நாட்டில் 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள், 100 பேர். வந்ததும் கையெழுத்து வாங்கினால் எண்ணிக்கை நிறைந்துவிடும், நூறு நாள் வேலைக்காரர்கள் அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். பிறகு நாலு பேர் பேசியது நூறு பேரின் தீர்மானமாகும்.

பேச்சைத் திறந்துவிட்டால் முதலில் எழுவது எப்போதும் பேசிப் பழகியவர்தான். அவர் சொன்னதே அன்றைய பொருளாகிவிடும், மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆகவே முதல் 15 நிமிடம் ஆறேழு பேராகப் பிரிந்து பேச விடுங்கள். பெண்கள் தனியாக ஒரு குழு, தெருவாரியாக மற்றவை. குழுவுக்கு ஒருவர் எழுந்து இரண்டு நிமிடம் சொல்லட்டும். கடைக்கோடித் தெருவிலிருந்து தொடங்குங்கள். கூச்சப்படுகிறவரிடம் மைக்கை நீட்டி 'பேசுங்கம்மா' என்பதால் பயனில்லை, அது அவரை மேடையேற்றி மிரட்டுவதுதான். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்ததைத்தான் அவர் ஊர் முன்னால் சொல்வார்.

எங்கள் கணக்கில் கூட்டத்தின் கனமான அதிகாரம் பேனாவில் இருக்கிறது. 'குடிநீர்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் அது எவரையும் கட்டாது. எந்தத் தெரு, எத்தனை குழாய், எந்த நிதி, எந்த மாதத்துக்குள் என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்துப் பேசியவர்கள் சொன்னதும் பதிவாகட்டும். எழுதியதைச் செயலர் உரக்கப் படித்த பிறகே தீர்மானத்தின் கீழ் கையெழுத்து. வெற்று இடம் இருந்தால் கோடு போட்டு அடையுங்கள். கலையும் முன் அந்தப் பக்கங்களைக் குறைந்தது இரண்டு தெருக்காரர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த சபையில் அதைப் படிப்பதே முதல் பொருளாக இருக்கட்டும்.