மறுபடியும் தண்ணீருக்குள்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு டைவிங் போகிறீர்களா? நேராக ஆழத்துக்குப் போகாதீர்கள். அந்தமானின் ஹேவ்லாக்கில், நீமோ ரீஃப் என்ற பவளப்பாறைப் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் முழங்காலிட்டுத்தான் நான் மறுபடி தொடங்கினேன். முகமூடிக்குள் தண்ணீர் விட்டு, மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதி வெளியேற்றுவதைத்தான் அதிக நேரம் பழகினேன். மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு பதறும். அது அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் வாய்க்கருவி) வாயில் இல்லாதபோது மூச்சை அடக்காமல் சிறு குமிழிகளாக விட்டுக்கொண்டே இருங்கள். நுரையீரலுக்கு அதுதான் காப்பு.

அப்புறம், கூட வருபவரின் காற்று வால்வையும் எடைப் பட்டையையும் கையால் தொட்டுப் பார்ப்பேன்; அவர் என்னுடையதை. இதில் கூச்சமே வேண்டாம். ஏறும்போது, காற்று போதிய அளவு இருந்தால், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்காமல் மேலே வரமாட்டேன். பல டைவ் போனால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விட்டுத்தான் டிக்கெட் போடுவேன்.