கில்வா என்ற ஒரே ஊரை வைத்து ஸ்வாஹிலி வரலாறு நடத்தினேன்

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் மேல்நிலை மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலிக் கடற்கரை வணிகம், காலனி ஆட்சி இரண்டையும் தனித்தனியாகத்தான் நடத்திவந்தோம். சோமாலியா முதல் மொசாம்பிக் வரை ஊர்ப்பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடமாகும், தேர்வோடு மறந்துபோகும். அதனால் தெற்கே உள்ள கில்வா பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே கதையாகச் சொல்ல முடிவெடுத்தேன்.

முதல் வகுப்பில் அரசர் யாரும் வரவில்லை, காற்றுதான் வந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றில் அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பல்கள் வரும். காற்று திசைமாறும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். அப்படித் தங்கியவர்கள் இங்கேயே கல்யாணம் செய்திருப்பார்களே என்று ஒரு மாணவி கேட்டாள். கடற்கரைச் சமூகம் உருவான விதத்தைப் பாதி அவளே சொல்லிவிட்டாள்!

அப்புறம் கில்வா கிசிவானி தீவுக்குப் போனோம். மசோகோ ஊரில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு படகில் போக வேண்டும். பவளக்கல்லால் கட்டிய பெரிய மசூதிக்குள் நின்று, 1331இல் அங்கே வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா ஊரின் அழகைப் புகழ்ந்த பகுதியை வாசித்தோம். உள்நாட்டுத் தங்கம் தெற்கே உள்ள சொஃபாலா துறைமுகம் வழியாக வந்ததும், கில்வா சுல்தான்கள் சொந்தச் செப்புக்காசு அடித்ததும் அங்கே நின்று கேட்கும்போது நம்பும்படி இருக்கின்றன. 1505இல் போர்ச்சுகீசியர் ஊரைச் சூறையாடியது ஏன் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடினமான பகுதி கில்வா கிவின்ஜே. 19ஆம் நூற்றாண்டில் நியாசா ஏரிப் பக்கத்திலிருந்து அடிமைகளை நடத்திவந்து கப்பலேற்றிய துறைமுகம் அது. வகுப்பில் கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு, உள்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. யாரும் குன்றிப்போகக் கூடாது, உண்மையும் குறையக் கூடாது. பிடித்தவர் யார், விற்றவர் யார், கடன் கொடுத்தவர் யார், ஜான்சிபார் தீவின் கிராம்புத் தோட்டங்களில் லாபம் பார்த்தவர் யார் என்று கேள்விகளாகவே பிரித்தேன். இந்திய வணிகர்களின் பணமும் இதில் இருந்தது, ஜான்சிபாரின் சுங்கத்தைக் கச்சு வணிகர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். இந்தியன் என்பதால் அதை நானே முதலில் சொன்னேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் தயங்காமல் பேசினார்கள்.

கிவின்ஜேக்கு மேற்கே மதும்பி மலைப்பகுதி. ஜெர்மன் காலனி ஆட்சியின் கட்டாயப் பருத்திச் சாகுபடியை எதிர்த்து, 1905 ஜூலையில் மக்கள் செடிகளைப் பிடுங்கியதோடு மஜி மஜி எழுச்சி அங்கேதான் தொடங்கியது. ஜெர்மானியர் வயல்களையும் தானியத்தையும் எரித்தார்கள். பஞ்சத்தோடு சேர்த்து இறந்தவர்கள் 75,000 முதல் 3 லட்சம் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடும். அந்த வித்தியாசம் ஏன் வருகிறது, செத்தவர்களை யார் எண்ணினார்கள் என்பதற்கே ஒரு முழு வகுப்பு போனது. போனது நல்லதுதான்.

இங்கே மேல்நிலைப் பாடம் ஆங்கிலத்தில். ஆனால் விவாதம் எல்லாம் ஸ்வாஹிலியில் நடக்க விட்டேன், குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். இதை நடத்திப் பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன்: தீவையும் கிவின்ஜேயையும் ஒரே நாளில் அடக்காதீர்கள். தீவைப் பார்த்த மகிழ்ச்சியோடு கிவின்ஜேக்குள் போனால் பிள்ளைகள் அங்கே எதையும் கேட்க மாட்டார்கள். நடுவில் ஓர் இரவு வேண்டும்.